நல்ல கையைக் கட்டிப்போட்டு

...உதவியே பண்ணக்கூடாதுன்னா எப்படி, கண்ணெதிரே ஒரு மனுஷன் அரை மணி நேரமா ஒத்தைச் சட்டைப் பட்டனோட மல்லுக்கட்டுறார், பெண்டாட்டிக்காரி குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்கணுமாம். பிசியோதெரபி பொண்ணு போட்ட சட்டம் அது, நல்லா இருக்கிற இடது கையை உறைக்குள்ள விட்டுக் கட்டிடுங்கக்கா, வேற வழியில்லைன்னாதான் வலது கை அசையும், அசைய அசைய மூளை புதுசா பாதை போட்டுக்கும், நீங்க பாவம் பார்த்தீங்கன்னா அண்ணன் இப்படியேதான் இருப்பாரு... சின்னப் பொண்ணுதான், பேச்சு மட்டும் கறார். போன வாரம் பெண்டாட்டிக்காரி இவளே எல்லாப் பட்டனையும் மாட்டிவிட்டு, அவராகப் போட்டார் என்று பயிற்சி நோட்டில் எழுதிவைத்தாள். அந்தப் பொண்ணு ஒரு பட்டனைக் கழற்றி, இப்ப போடுங்கண்ணா என்றதும் குட்டு உடைந்துவிட்டது. பாவம் பார்த்தா செய்தாள்? அவர் சாரத்திலிருந்து பெயின்ட் வாளியோடு விழுந்து மண்டை உடைந்து ஏழு மாசம், ஊட்டிவிட்டு, குளிப்பாட்டிவிட்டு, உன்னை மாதிரி உண்டா என்று எல்லாரும் மெச்சுகிறார்கள், ஆனால் நெஞ்சைத் தொட்டுச் சொல்லு, பாவம் பார்த்தா?

அந்தக் கைதானே அது. சாப்பாட்டில் உப்பு கூடினால், பதில் சொல்ல ஒரு நொடி தாமதமானால், வேலையிடத்தில் மேஸ்திரி திட்டினால்கூட இவள் கன்னத்துக்குத்தான் வரும், பதினோரு வருஷம். இப்போது அது மடியில் கிடக்கிறது, வீட்டில் சத்தமே இல்லை, நீ சாப்ட்டியா என்று கேட்கிறார், கல்யாணமான நாளிலிருந்து கேட்காத கேள்வி. பழைய ஞாபகம் பாதி போயிடுச்சும்மா, வரலாம், வராமலும் இருக்கலாம் என்று டாக்டர் வருத்தத்தோடுதான் சொன்னார், இவள் தலையை ஆட்டிக்கொண்டாள். கை வரணும்னு வேண்டுகிறாளா, வரக்கூடாதுன்னா? சீ, இது என்ன புத்தி, புருஷன் விரலை மடக்க முடியாமல் தவிக்கும்போது...

நழுவியது, நழுவியது, பிறகு பட்டன் துளைக்குள் போய்விட்டது. பாரு, போட்டுட்டேன் பாரு, என்கிறார், சிரிப்பும் அழுகையுமாக. இவளுக்கும் கண் கலங்கிவிட்டது. அதைத் துடைக்கத்தான் போலிருக்கிறது, வலது கையை நடுங்க நடுங்கத் தூக்கினார், முகத்துக்கு நேராக வந்தது, இவள் நினைப்பதற்கு முன்னாலேயே தலை பின்னால் ஒதுங்கி, தோள் முகத்தை மறைத்துக்கொண்டது.

"ஏன், என்னாச்சு? எதுக்குப் பயப்படுற?"

"ஒண்ணுமில்லைங்க. அடுத்ததைப் போடுங்க."

அவருக்குத் தெரியவில்லை, நடிப்பில்லை, நிஜமாகவே தெரியவில்லை. அடித்தவருக்கு இல்லாத அந்தப் பதினோரு வருஷமும் இனி இவள் ஒருத்தியிடம்தான் இருக்கிறது, சொல்லிவிடலாமா, சொன்னால் அழுவாரோ, இல்லை, ஆமாம்ல என்று எல்லாமே ஞாபகம் வந்துவிடுமோ... அவர் குனிந்து இரண்டாவது பட்டனைத் தேடிக்கொண்டிருந்தார்.