கழுவாத கல்வம்

ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு வெள்ளைக்காரி என்று பட்டப்பெயர். ஆள் நல்ல கறுப்பு. மூன்று வருடமாக வெள்ளை வெளிச்சத்தைத் தேடி அலைகிறாளே, அதனால் வந்த பெயர். கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர் பட்டதும் ஒரே ஒரு பொடி வெள்ளையாக ஒளிர வேண்டும். டிஸ்ப்ரோசியம் என்ற அரிய தனிமத்தைத் துளி சேர்த்துச் சுட்டால் நீலமும் மஞ்சளும் கலந்து வெள்ளை வரும். வரத்தான் செய்தது. நிறம் அளக்கும் கருவிகூட வெள்ளை என்று சத்தியம் பண்ணியது.

தையல்காரக் கணவர்தான் ஒப்பவில்லை. மதியச் சாப்பாடு கொண்டுவரும்போதெல்லாம் ஒரு சிவப்பு நூற்கண்டை அந்த வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார்.

"நூல் கருகிப்போச்சு. நீயும் காய்ச்சல்ல கிடந்து எழுந்தவ மாதிரி இருக்கே."

அந்த வெள்ளையில் சிவப்பே இல்லை; அவர் சொல்வது உண்மை என்பதுதான் அவளுக்கு எரிச்சல். இந்த மாதம் முடிந்தால் பொடி சுடும் உலை வேறொருவருக்குப் போய்விடும் என்று ஆய்வுக்கூடத் தலைவர் வேறு சொல்லிவிட்டார்.

அன்று காலை உலையைத் திறந்தால் பீங்கான் கிண்ணம் விரிசல் விட்டிருந்தது. பொடியெல்லாம் உலைத் தரையில் ஒட்டிப்போய், மிஞ்சியது ஒரு சிட்டிகை. போனால் போகிறது என்று புற ஊதா விளக்கடியில் வைத்தாள். அறை மெல்ல விடிந்தது. அவள் கை, ரத்தம் ஓடும் கையாகத் தெரிந்தது. கனவிலிருப்பவள் போல விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

பிறகுதான் உறைத்தது. முந்தின நாள் அடுத்த மேசைக்காரி, சிவப்பாக ஒளிரும் யூரோப்பியத்தை இவள் பொடி அரைக்கும் அதே கல்வத்தில் அரைத்திருந்தாள். அமிலம் ஊற்றிக் கழுவ வேண்டிய கல்வத்தை இவள் அவசரத்தில் துணியால் துடைத்துவிட்டு வேலையை ஆரம்பித்துவிட்டாள். ஒட்டியிருந்தது எவ்வளவோ, கடவுளுக்கே வெளிச்சம். அதை அறிய ஒரே வழி, இந்தச் சிட்டிகையை அமிலத்தில் கரைத்து அளப்பது. அளவு தப்பினால் கையில் உடைந்த கிண்ணம்தான்.

"அப்படியே வச்சுக்கக் கூடாதா?" என்றார் கணவர், மதியம் வந்து பார்த்துவிட்டு.

"வச்சுக்கிட்டா நாம ரெண்டு பேர்தான் பாத்துக்கிட்டு இருக்கணும்."

அவர் அவள் முகத்தையே பார்த்தார். "உன் கன்னத்து மச்சம் கறுப்புன்னு நினைச்சிருந்தேன். செம்பு நிறம்."

அவர் போனபின் கரைத்தாள். வெளிச்சம் அவிந்தது. அழுகை வந்தது, அழுதாள்.

நான்காம் நாள் எண் வந்தது. யூரோப்பியம் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. குறிப்பேட்டில் அதை எழுதி, கீழே "கல்வம் கழுவப்படவில்லை, தவறு என்னுடையது" என்றும் எழுதினாள். கல்வத்தை இரண்டு முறை கழுவினாள். அதே அளவு யூரோப்பியத்தை நிறுத்துச் சேர்த்தாள், அரைத்தாள், சுட்டாள்.

மாதக் கடைசி நாள் மதியம். கணவர் நூற்கண்டோடு நின்றார். அவள் விளக்கைப் போட்டாள்.

"சிவப்பு சிவப்பாவே இருக்கு," என்றார்.

"நீங்க நூலைப் பாக்கவே இல்லையே."

"நூல் எதுக்கு?" என்றார் அவர், அவள் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.