ஸ்குவாட்ரனின் ஒரே வெற்றி

என் கையெழுத்து இவ்வளவு அழகாக இல்லாமலிருந்தால் இந்த மனிதர் என்னைத் தேடி வந்திருக்கமாட்டார் என்று இசபெல் நினைத்தாள்.

போர் முடிந்திருந்தது. ஓபன் விரிகுடாவிலிருந்து பறந்துபோய் ஜெர்மன் நீர்மூழ்கிகளைத் தேடிய விமானப்படை ஸ்குவாட்ரனைக் கலைக்கப்போகிறார்கள். அதற்குமுன் அதன் வரலாற்றை ஆல்பமாக்கிவிட வேண்டுமென்று அதன் தலைவர் விங் கமாண்டர் ஹார்ட்னல் துடித்தார். சங்கடம் என்னவென்றால், இத்தனை ஆண்டுகளில் ஸ்குவாட்ரன் ஒரு நீர்மூழ்கியைக்கூட மூழ்கடிக்கவில்லை. அது காவல் காத்த கப்பல்கள் பத்திரமாகக் கரை சேர்ந்தன. நடக்காத அழிவை யாரும் படமெடுக்க முடியாது.

ஒரே ஒரு படம் இருந்தது. ஸ்குவாட்ரனின் இருட்டறையில் இசபெலே கழுவிய படம். கொதிக்கும் நுரை, நடுவில் கறுத்த முதுகு. நாளெல்லாம் அலையையே வெறித்த விமானிகளின் கண்களுக்கு அது நீர்மூழ்கியாகத் தெரிந்து, அதன்மேல் குண்டு போட்டதில் வியப்பில்லை.

"படத்துக்குக் கீழே 'நீர்மூழ்கி அழிக்கப்பட்டது'ன்னு எழுதிடு."

"அது திமிங்கிலம் சார்."

"அது நமக்குத்தானே தெரியும்."

"சமையல்காரருக்கும் தெரியும். 'மீன் வருது, குண்டு போட்டுடாதீங்கப்பா'ன்னு சொல்லித்தானே அந்த விமானிங்களுக்குத் தட்டு வைப்பார்."

ஹார்ட்னல் சிரிக்கவில்லை. "அன்னிக்கு அந்த விமானத்துல உன் தம்பியும் இருந்தான். அவன் பேரும் வரும். அலஸ்டேர் எப்படிப் போனான்னு கேட்டா உங்கம்மா என்னம்மா சொல்வாங்க? பின்னால ஒருநாள் பனிமூட்டத்துல மலையில மோதினான்னு மட்டுமா?"

அம்மா அதைத்தான் சொல்கிறாள், குரலைத் தாழ்த்தி, ஏதோ குற்றம்போல. இந்த ஒரு வரி இருந்தால் தலை நிமிர்ந்து சொல்வாள். இசபெல் பேனாவை, ஆல்பத்தின் கறுப்புத் தாளில் எழுதும் வெள்ளை மையில் தோய்த்தாள். கை தயாராகவே இருந்தது. அது அவளுக்கே பயமாக இருந்தது.

படத்தைக் கழுவிய அன்று, இருட்டறையின் சிவப்பு விளக்கில் ஈரப் படத்தைப் பிடித்துக்கொண்டு அலஸ்டேர் விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு சிரிப்பு நின்றது. "பாவம்க்கா. மூச்சு விடத்தானே மேலே வந்துச்சு."

அப்படிச் சொன்னவனைத்தான் அவளுக்குத் தம்பியாகத் தெரியும். ஆல்பத்தில் வரப்போகிறவன் வேறு யாரோ.

"பேருங்களை எழுதறேன் சார்," என்றாள். "மத்தது வேண்டாம்."

"உங்கம்மாவுக்காகவாவது?"

அவள் நிப்பைத் துணியில் துடைத்தாள்.

"அவங்ககிட்ட நான் பேசிக்கறேன் சார்."