அரைப் பூதத்தின் கால்கள்

தோதாத்ரி பகல் வேளையில் வீட்டுக்குள் நடமாடி நாமகிரி பார்த்து எத்தனையோ வருஷமாகிவிட்டது. கீழ்த் திருப்பதியில், கோயிலுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. விடியுமுன் குளித்துத் திருமண் இட்டுக்கொண்டு கோயிலில் பாசுரம் சேவிக்கும் பிரபந்த கோஷ்டிக்குக் கிளம்புவார். வந்து சாப்பிட்டுக் கொஞ்சம் படுப்பார். சாயங்காலம் மறுபடி கோஷ்டி. இப்போதோ வெற்று நெற்றியோடு கூடத்துக்கும் கொல்லைக்குமாக நடந்துகொண்டிருந்தார். மின்விசிறியைப் போட்டார், அணைத்தார். நாட்காட்டியின் பழைய தாளைக் கிழித்துவிட்டு, அதை எங்கே போடுவது என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"சித்த உக்காருங்கோளேன்."

"உக்காந்துண்டுதானே இருக்கேன்," என்றார், நின்றபடியே.

கும்பகோணத்திலிருந்து வந்த ஒரு போன்தான் காரணம். பெரியப்பா பிள்ளை சடகோபன் காலமாகிவிட்டார். ஒரே கோத்திரத்துத் தாயாதி என்றால் பத்து நாள் தீட்டு, கோயில் படி மிதிக்கக் கூடாது. செத்துப்போனவரை அவர் கடைசியாகப் பார்த்தது யார் கல்யாணத்தில் என்றுகூட நினைவில்லை. அழுகை வரவில்லை. கோஷ்டிக்குத் தகவல் சொல்லி அனுப்பிவிட்டுத் தலைக்குக் குளித்து, அன்றிலிருந்து இப்படி நடக்கிறார்.

அவர் கால்கள் நடந்தன. நாமகிரியின் மனசு அதைவிட வேகமாக நடந்தது.

ஏனென்றால் அவளுக்குத் தெரியும். கல்யாணமான புதிதில், மொச்சை உரித்துக்கொண்டிருந்தபோது மாமியார் ஒரு பேச்சுவாக்கில் சொன்னது. சடகோபனைச் சின்னக் குழந்தையிலேயே பிள்ளையில்லாத ஒரு குடும்பத்துக்குச் சுவீகாரம் கொடுத்துவிட்டார்களாம். "உன் மாமனாருக்கு அந்தப் பேச்சே பிடிக்காது. ஆம்பிளைகள் காதுல போட்டுடாதே." சுவீகாரம் போனவர் வேறு கோத்திரம். அவருக்காக இவர் பத்து நாள் உட்கார வேண்டியதில்லை. ஒரு முழுக்குப் போட்டால் போதும்.

போன் வந்த நிமிஷமே அது ஞாபகம் வந்தது. சொல்ல வாயும் திறந்தாள். அதற்குள் சினிமாச் சுவரொட்டி ஞாபகம் வந்துவிட்டது. காய்கறிக் கடைக்குப் பக்கத்துச் சுவரில், கம்ப்யூட்டர் வகுப்பு விளம்பரத்துக்கு மேலேயே ஒட்டியிருந்தார்கள். ஊறுகாய் ஜாடியிலிருந்து புகையாய்க் கிளம்பும் பூதங்கள். தெலுங்கில் பெரிய எழுத்து. ஆனால் கதை அவள் படித்து வளர்ந்தது. 'மூன்றரைப் பூதங்கள்'.

சித்தூரில், பாவாடை தாவணிக் காலத்தில், வாரா வாரம் பத்திரிகையில் வந்த தொடர். பக்கங்களைக் கத்தரித்து ஊசி நூலால் தைத்து, பழுப்பு அட்டை போட்டு வைத்திருந்தாள். புக்ககத்துக்கு வந்தபோது பட்டுப் புடவைக்கு அடியில் அதுவும் வந்தது. ராஜாவின் தூக்கத்தை யாரோ திருடிக்கொண்டு போய்விடுகிறார்கள். அதைத் தேடிப் போகிற சமையற்காரன் ஒருவன் வழியில் ஊறுகாய் ஜாடியைத் திறக்கிறான். மூன்று பூதங்கள் வெளியே வருகின்றன. நாலாவது வருவதற்குள் பயத்தில் மூடியைச் சாத்திவிடுகிறான். அதனால் அது இடுப்புவரைக்கும்தான். கால் இல்லாத அரைப் பூதம் சமையற்காரனின் தலைமேல் உட்கார்ந்தே ஏழு மலை தாண்டுகிறது.

அதை அவளுக்கு உரக்கப் படித்துக் காட்டியவர் இதே தோதாத்ரிதான். பாசுரம் சேவிக்கிற கனத்த குரலை அப்படியே மூக்கால் மாற்றி, அரைப் பூதமாகப் பேசுவார். ராம்ப்ரசாத் பிறந்து அவன் கேட்க ஆரம்பித்த பிறகு வீட்டில் பாதிப் பேச்சு பூதப் பேச்சுதான். அவன் சாப்பிட அடம்பிடித்தால் 'அரை' என்றுதான் கூப்பிடுவார். பிறகு அவன் படித்தான், ஹைதராபாத் போனான், அமெரிக்கா போனான். தெருவில் வீட்டுக்கு ஒரு பிள்ளை அப்படிப் போயிருந்ததால் அதைத் துக்கம் என்று சொல்லிக்கொள்ளவும் முடியவில்லை. அவன் விமானம் ஏறியதிலிருந்து தோதாத்ரி உரக்கச் சிரித்து அவள் கேட்கவில்லை. கோபமும் இல்லை, குறையும் இல்லை. போவார், வருவார்.

போன வாரம் ராம்ப்ரசாத் போனில் சொன்னான்: "அம்மா, நீயும் அப்பாவும் முதல்ல படத்தைப் பாருங்கோ. அரைப் பூதம் சரியா வந்திருக்கான்னு சொன்னாத்தான் நான் இங்க பார்ப்பேன்."

கோஷ்டி இருக்கிற நாளில் அவர் சினிமாவுக்கு வரமாட்டார். கோஷ்டி இல்லாத நாளோ கிடையாது. சடகோபன் புண்ணியத்தில் இப்போது கிடைத்திருக்கிறது. வெள்ளிக்கிழமை படம் மாறிவிடும்.

அவள் வாயை மூடிக்கொண்டாள். மூடிய வாய்க்குள் அது நாள் முழுக்க உருண்டது. விடியற்காலையில் அவர் பழக்கத்தில் எழுந்து, எங்கே போவது என்று தெரியாமல் வாசலில் நின்று மலையைப் பார்ப்பார். அப்போதெல்லாம், பெருமாளுக்கு உள்ள மனுஷனைத் திருடி வீட்டில் வைத்திருக்கிறேன் என்று தோன்றும். அடுத்த நிமிஷமே, எனக்கு உள்ளவரைத்தானே எடுத்துக்கொண்டேன் என்றும் தோன்றும்.

வியாழக்கிழமை கேட்டேவிட்டாள். "ஏன்னா, மத்தியான ஆட்டத்துக்குப் போயிட்டு வரலாமா?"

"தீட்டுல சினிமாவா?"

"கோயிலுக்குப் போகக் கூடாது. சரி. கொட்டகைக்குப் போகக் கூடாதுன்னு எங்க எழுதியிருக்கு?"

"எழுதலை. எழுதினவாளுக்குக் கொட்டகை தெரியாது." நடந்தவர் நின்றார். "என்ன படம்?"

சொன்னாள். அவர் நாட்காட்டித் தாளை நாலாக மடித்தார், எட்டாக மடித்தார். "சட்டை எங்க இருக்கு?" என்றார்.

திருமண் இல்லாத நெற்றியும் சட்டையுமாகப் போனதால் வழியில் யாருக்கும் அவரை அடையாளம் தெரியவில்லை. அவளுக்கே ஆட்டோவில் யாரோ வேற்றாளோடு போவது போலக் கூச்சமாக இருந்தது.

படம் தொடங்கியதுமே அவளுக்குத் திக்கென்றது. அரைப் பூதத்துக்குக் கால் இருந்தது. ஒரு பெரிய காமெடி நடிகர் அந்த வேஷம் கட்டியிருந்தார். பாட்டுக்கு ஆட வேண்டாமா? கம்ப்யூட்டரில் மலைகளைப் பிளந்தார்கள், கடலை நிறுத்தினார்கள், எல்லாம் பிரமாதமாகத்தான் இருந்தது. கொட்டகை கைதட்டியது. தோதாத்ரி மடியில் கை வைத்துக்கொண்டு, யார் வீட்டிலோ விருந்துக்கு உட்கார்ந்தவர் மாதிரி மரியாதையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். இதற்காகவா அவரைப் பெருமாளிடமிருந்து பிரித்து இழுத்துக்கொண்டு வந்தேன் என்று நாமகிரி புடவைத் தலைப்பைத் திருகினாள்.

பிறகு அந்த இடம் வந்தது. மலையுச்சியில் சமையற்காரன் ஆள் எண்ணுகிற இடம். "ஒன்று, இரண்டு, மூன்று. எல்லாரும் வந்தாச்சு," என்பான். புத்தகத்தில் தலைக்கு மேலிருந்து அப்போதுதான் அரைப் பூதத்தின் குரல் வரும். படத்தில் வரவில்லை. கால் முளைத்த பூதத்தைச் சேர்த்து நாலு என்று எண்ணிவிட்டு அடுத்த பாட்டுக்குப் போகப் பார்த்தார்கள்.

"பாதியா எண்ணு, பரவால்லை. ஆனா எண்ணு," என்றது ஒரு மூக்குக் குரல்.

நாமகிரி திரும்பினாள். தோதாத்ரி திரையைப் பார்த்தபடியே இருந்தார். உதடு மட்டும் கோணியிருந்தது. முன்வரிசையில் இரண்டு தலைகள் திரும்பின.

"எண்ணினா சோறு போடணுமே," என்றாள் அவள், சமையற்காரனாக, மெல்ல.

அவர் பதில் சொல்வதற்குள் பின்வரிசையிலிருந்து ஒரு பெண்குரல் முந்திக்கொண்டது. "சோறு மட்டும் முழுசாப் போடு."

தோதாத்ரி சிரித்தார். முதலில் மூச்சாக, பிறகு தோள் குலுங்கி, பிறகு ஊரைக் கூட்டுகிற மாதிரி. "ஏமண்டி, கொஞ்சம் மெதுவா," என்று யாரோ அதட்டியதும் வேஷ்டி நுனியை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார்.

இடைவேளையில் அந்தப் பெண் தானாகவே எழுந்து வந்தாள். லட்சுமம்மா என்று பேர், புத்தலப்பட்டிலிருந்து பஸ் பிடித்து வந்திருக்கிறாள். கையில் முறுக்குப் பொட்டலம்.

"கால வச்சிக்கினு கூத்தாடுது பாரும்மா அது. மூஞ்சியப் பாரு," என்றாள். "எங்க நைனா கரும்பு வெட்டிட்டு வந்து இந்தக் கதையப் படிச்சுக் காட்டுவாரு. கேட்டுக்கினே துன்னுவோம். முக்கியமான பேச்ச வுட்டுட்டானுங்களே. எங்க ஊட்டுக்காரரு குவைத்துல கீறாரு, படம் எப்டி கீதுன்னு போன்ல கேப்பாரு. இன்னான்னு சொல்றது?"

"நன்னா இருந்துதுன்னு சொல்லு. விட்டதை நீ சேர்த்துச் சொல்லு," என்றார் தோதாத்ரி.

"ஐயா சொன்னாப்ல மூக்கால சொல்ல எனக்கு வராதே."

"அதுக்கென்ன, இப்பவே பழகிக்கோ." அவர் சொல்லிக் கொடுத்தார். அவள் முறுக்கு வாயோடு சொல்லிப் பார்த்தாள். மூன்று பேரும் கொட்டகை வாசலில் அரைப் பூதமாகப் பேசிக்கொண்டு நின்றார்கள். அதற்குப் பிறகு படத்தில் என்ன வந்தது என்று நாமகிரி சரியாகப் பார்க்கவில்லை. விட்டுப்போன ஒவ்வொரு பேச்சையும் அவர் அவள் காதில் சொல்லிக்கொண்டே வந்தார்.

திரும்பும்போது ஆட்டோவிலிருந்து அலிபிரிப் பக்கம் மலை வெயிலில் துலக்கமாகத் தெரிந்தது. அவர் பழக்கத்தில் கையெடுத்துக் கும்பிடப் போய், தீட்டு ஞாபகம் வந்து, பாதியில் இறக்கிக்கொண்டார்.

அந்தக் கை இறங்கியதை அவளால் தாங்க முடியவில்லை.

"ஏன்னா. உங்களுக்குத் தீட்டு இல்லை."

ஆட்டோ ஒரு லாரியைத் தாண்டும்வரை காத்திருந்து மீதியைச் சொன்னாள். சுவீகாரம், மாமியார் சொன்னது, தான் சொல்லாதது.

"எப்போ ஞாபகம் வந்துது?"

"போன் வந்தப்பவே."

அவர் வீட்டு வாசலில் இறங்கியதும் கிணற்றடிக்குப் போனார். வாளி வாளியாகத் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. திருமண் இட்டுக்கொண்டு வெளியே வந்தபோது பழைய தோதாத்ரி. முகத்தில் சிரிப்பின் அடையாளம்கூட இல்லை. சாயங்கால கோஷ்டிக்குப் போய்விட்டார்.

நாமகிரி அரிசி களைந்தாள், அதே அரிசியை மறுபடி களைந்தாள். தைத்த புத்தகத்தை எடுத்தாள், பிரிக்காமல் வைத்தாள். அவர் கோஷ்டியில் என்ன சொல்வார்? சொந்தத் தாயாதி யாரென்று தெரியாத மனுஷன் என்று சிரிக்க மாட்டார்களா? இல்லை, என் பெண்டாட்டி மறைத்தாள் என்று சொல்வாரா? கேட்டது சிரிப்பு. கிடைத்தது. இனி அது ஒருநாளும் கிடைக்காதபடியும் செய்துகொண்டுவிட்டாளோ?

விளக்கேற்றி வெகுநேரமாகிவிட்டது. அவர் வந்து குழாயடியில் கால் அலம்பினார்.

"என்ன சொன்னா அங்க?" என்று கேட்டாள்.

"பத்து நாளுக்குள்ள ஏன் வந்துட்டேள்னு கேட்டா. சுவீகாரம் போனவர், எனக்கு இன்னிக்குத்தான் தெரிஞ்சுதுன்னேன். அது நிஜம்தானே." துண்டால் முகத்தைத் துடைத்தார். "நான் வராத நாள்ல யாரும் தேடியிருக்க மாட்டான்னு நெனச்சிண்டிருந்தேன். எல்லாரும் தினம் எண்ணிப் பார்த்து ஒரு குரல் குறையறதுன்னு சொல்லிண்டிருந்தாளாம்."

அதற்குள் போன் அடித்தது. ராம்ப்ரசாத். அவரே எடுத்தார். கால் முளைத்த கதையைச் சொன்னார், புத்தலப்பட்டு லட்சுமம்மாவைச் சொன்னார். மூக்கால் பேசினார். அந்தப் பக்கம் பிள்ளை சிரிப்பது கூடம் வரைக்கும் கேட்டது. நாமகிரி சமையலறை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

சிரிப்பு ஓய்ந்து அவன் ஏதோ கேட்டான். 

"கோஷ்டிக்கு எப்படி லீவு கிடைச்சுதுன்னா கேக்கறே?" என்றார் தோதாத்ரி. அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் இருப்பது கோபமா, அரைப் பூதமா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. "அதை உங்கம்மாவே சொல்லுவா."

ரிசீவரை நீட்டினார். நாமகிரி ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். அது அவர் காதின் சூட்டோடு இருந்தது.

"சொல்லும்மா," என்றான் ராம்ப்ரசாத்.

அவர் நகரவில்லை. பக்கத்திலேயே, கேட்டுக்கொண்டு நின்றார்.

"ஒண்ணுமில்லடா," என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டாள். "இருக்கு. சொல்றேன்."