காலி பண்ணப் போன வீடு

கிர்கிஸ்தானின் தலைநகர் பிஷ்கெக்கில் வாடகைக்கு விடுவதற்காக ஒரு ஃபிளாட் வாங்கினேன். விற்ற எர்மெக் கல்யாணமே ஆகாதவன் என்று பதிவேட்டைப் பார்த்து வக்கீல் சொன்னார். சாவியோடு போனால், கதவைத் திறந்தது அவன் மனைவி ஜூரா. மசூதியில் நிக்காஹ் ஓதியதோடு சரி, அரசாங்கத்தில் பதிவு செய்யவில்லையாம்.

எனக்குத் தலை கொதித்தது. "சட்டப்படி இது என் வீடு. காலி பண்ணும்மா!"

"பண்றேண்ணே. வாசல்ல வந்து நின்னவர் ரொட்டி தொடாமப் போகலாமா? ஒரு துண்டு வாயில போட்டுட்டு அப்புறம் கத்துங்க."

ரொட்டித் தட்டை நீட்டினாள். வாசலில் தரும் ரொட்டியை மறுக்கக் கூடாது என்ற ஊர் வழக்கத்தில் பழகிய கை, தானாக நீண்டுவிட்டது. விழுங்கிய பிறகுதான் உறைத்தது: ஒருத்தியின் ரொட்டியைத் தின்றுவிட்டு அவளையே எப்படித் தெருவில் தள்ளுவது?

படியில் நின்று வக்கீலுக்கு போன் போட்டு நடந்ததைச் சொன்னேன்.

"தின்னுட்டீங்களா?" என்று அலறினார். "எல்லா வில்லங்கமும் பாத்தேனே, உங்க வாயைப் பாக்காம விட்டுட்டேனே!"