பேச்சு வரும் வேகம்

அவர் குளிக்கப் போனதும் பனியனை எடுத்து ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தேன். கழுத்துப்பட்டை, அக்குள், உள்பக்கத் தையல் என்று வரிசையாகப் பார்த்தேன். இதெல்லாம் எனக்குக் கைவந்த கலை. பெரிய துணிக்கடை ஒன்றில், வாங்கிய துணியைத் திருப்பிக் கொடுக்க வருகிறவர்கள் நிற்கிற கவுண்டரில்தான் எனக்கு வேலை. "உடுத்தவே இல்லைங்க, மடிப்புகூடப் பிரிக்கல" என்று சத்தியம் பண்ணுவார்கள். காலரை ஒருமுறை முகர்ந்தால் போதும், அது எத்தனை விருந்துக்குப் போய்வந்த சட்டை என்று எனக்குத் தெரிந்துவிடும். அவர் பனியனில் வியர்வை வாடை மட்டும்தான் இருந்தது. வேறு ஒன்றுமே இல்லை. அதுதான் எனக்கு உறுத்தியது.

"அம்மா, கடை வேலைய வீட்டுக்கே கொண்டு வந்துட்டியா?" பல் துலக்கும் பிரஷ்ஷோடு மகள் வாசலில் நின்றாள். "பில் இருந்தா சொல்லு, அப்பாவ மாத்திக் கொடுத்துடலாம்."

"வாய மூடிக்கிட்டுப் பல்லை விளக்கு" என்றேன். அது எப்படி முடியும் என்று அவள் சிரித்துக்கொண்டே போனாள்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். பகல் முழுக்க ஏதாவது ஒரு கட்டடத்தின் லிஃப்ட் குழிக்குள் தனியாக நின்றுகொண்டு கம்பிக்கும் கிரீஸுக்கும் நடுவே பொழுதைக் கழிக்கிற மனுஷன். அங்கே பேச ஆளில்லை, இங்கே பேச மனசில்லை. வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்கிற ரகம். கேள்வி கேட்டால் "ம்", இன்னொரு தரம் கேட்டால் "ம்ம்", அவ்வளவுதான். எழுந்துபோய் மின்விசிறியை நிறுத்தச் சோம்பல்பட்டுப் போர்வை இழுத்துக்கொள்கிறவர், ஐம்பதை நெருங்குகிற வயதில், ஒருநாள் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே மாரத்தான் பயிற்சியில் சேர்ந்திருப்பதாகச் சொன்னார். எதுக்கு என்று கேட்டேன். "சும்மா" என்றார். சோழியன் குடுமி சும்மா ஆடாது. கைக்குட்டைகூட நான் எடுத்துக் கொடுத்தால்தான் உண்டு, அப்படிப்பட்டவர் தானாகவே போய் ஆரஞ்சு நிறத்தில் ஷூ வாங்கி வந்திருந்தார். ஓடிவிட்டுப் படியேறி வரும்போது வாயில் ஏதோ மெட்டு வேறு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பால் வாங்கிவருகிறேன் என்று மகளிடம் சொல்லிவிட்டு ஏரிக்கரைப் பூங்காவுக்குப் போய் ஒரு வேன் மறைவில் நின்றுகொண்டேன். இரண்டிரண்டு பேராக வந்தார்கள். ஓட்டம் என்றுகூடச் சொல்ல முடியாது, வேகமாக நடக்கிறவன் முந்திவிடுவான். எல்லோரும் பேசிக்கொண்டே வந்தார்கள். அவர் பக்கத்தில் ஒரு பெண். என் வீட்டுக்காரர், என் வீட்டு ஊமைச்சாமி, இரண்டு கையையும் மேலும் கீழும் ஏற்றி இறக்கி அவளுக்கு எதையோ விளக்கிக்கொண்டு வந்தார். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். பால் வாங்காமலே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

"யாரு அந்தம்மா?"

எப்படித் தெரியும் என்றுகூட அவர் கேட்கவில்லை. "மருந்துக்கடை வெச்சிருக்காங்க. கோச்தான் ஜோடி சேர்த்து விட்டாரு."

"ஜோடியா?"

"பேசிக்கிட்டே ஓடணும். மூச்சு வாங்காம பேச முடிஞ்சா அதான் சரியான வேகம். பேச்சு வரலன்னா வேகத்தைக் குறைக்கணும். ஆரம்பத்துல எல்லாருக்கும் இதான் பயிற்சி."

கல்யாணமான நாளிலிருந்து ஒரே மூச்சில் அவர் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. "அப்படி என்னதான் பேசுவீங்க?"

"என்னத்தையாவது" என்று துண்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அந்த 'என்னத்தையாவது' என்னைத் தூங்கவிடவில்லை. என்னைப் பற்றித்தான் பேசுவார், வேறு என்ன இருக்கிறது அவருக்குப் பேச? என் வாய், என் கோபம், நான் பனியனை முகர்ந்து பார்ப்பது. மறுவாரமே நானும் போய்ப் பெயர் கொடுத்தேன். பழைய சைக்கிளில் மணி அடித்துக்கொண்டு கூடவே வருகிற ஒல்லி மனிதர்தான் கோச். என்னை என் வீட்டுக்காரரோடு சேர்த்துவிடச் சொன்னேன்.

"புருஷன் பொண்டாட்டிய மட்டும் சேர்க்க மாட்டேன் மேடம். ஒண்ணு, சண்டை போடுவாங்க. இல்லன்னா வாயே திறக்க மாட்டாங்க. ரெண்டுமே ஓட்டத்துக்கு ஆகாது."

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அதை நான் பார்த்துக்கொண்டேன்.

எனக்குக் கிடைத்தவர் ஒரு பஸ் டிரைவர், தொப்பையும் அன்புமான மனிதர். என் காது முழுக்க முன்னால் போகிற அந்த ஜோடி மேலேயே இருந்தது. எட்டிப் பிடிக்கலாம் என்று வேகத்தைக் கூட்டினால், "தங்கச்சி, மெதுவா... பேச வரல..." என்று பின்னாலிருந்து கெஞ்சுவார். ஒருதரம் எப்படியோ அவர்களை நெருங்கிவிட்டேன். குழாயை மூடினாற்போல இருவர் பேச்சும் நின்றது. மடியில் கனமில்லை என்றால் எதற்கு நிறுத்த வேண்டும்?

குதிகாலில் கொப்புளம் வந்தது நல்லதாகப் போயிற்று. பிளாஸ்திரி வாங்குகிற சாக்கில் அவள் கடைக்கே போய் நின்றேன். கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் கண்ணாடி, காதோரம் நரை. திரும்பி வந்த புடவையைப் பார்ப்பது மாதிரி மேலிருந்து கீழ்வரை அவளைப் பார்த்தேன். குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. அவளே பேச்சை ஆரம்பித்தாள்.

"நீங்க ரொம்ப நல்லா பாடுவீங்களாமே?"

கல்யாணமான புதிதில் காய் நறுக்கும்போது பாடுவேன். அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கினதில்லை. நல்லாயிருக்கு என்றும் சொன்னதில்லை, நிறுத்து என்றும் சொன்னதில்லை. சுவருக்குப் பாடி என்ன பிரயோஜனம் என்று நானே விட்டுவிட்டேன்.

"வேற என்ன சொன்னாரு?"

"அது ஓட்டத்துல பேசினதுங்க. அங்கேயே விட்டுட்டு வரணும்னு கோச் சொல்லியிருக்காரு." பிளாஸ்திரியை உறையில் போட்டாள். "நானும் என் வீட்டுக் கதையெல்லாம் அவர்கிட்ட கொட்டியிருக்கேன். உங்ககிட்ட ஒண்ணும் சொல்லல, இல்ல?"

சொல்லவில்லை. வழியெல்லாம் அழுதுகொண்டே வந்தேன். தப்பான உறவாக இருந்திருந்தால்கூட எனக்கு வழி தெரிந்திருக்கும், நடுவீதியில் நின்று நாலு கேள்வி கேட்டிருப்பேன். எனக்குச் சொல்ல வேண்டிய ஒரு நல்ல வார்த்தையை இத்தனை வருஷம் வயிற்றுக்குள்ளேயே வைத்திருந்து, இருமல் மருந்து விற்கிறவளிடம் கொண்டுபோய்ச் சொன்னவரை என்ன செய்வது?

மறுநாள் டிரைவர் அண்ணன்தான் கேட்டார். "என்னம்மா, இன்னிக்குப் பேச்சையே காணோம்?"

எங்கிருந்து வந்ததோ, கொட்டிவிட்டேன். தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தால் லிஃப்ட் கம்பி அறுந்துவிட்டது என்றுதான் முதலில் தோன்றும் எனக்கு. சாயங்காலம் படியில் அவர் செருப்புச் சத்தம் கேட்கும்வரை வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டுதான் இருப்பேன். கேட்டதும், "செருப்பை வெளிய விட மாட்டீங்களா?" என்று கத்துவேன்.

"இத அவர்கிட்ட சொன்னியா?"

"கேட்டாத்தானே அண்ணா?"

அப்போதுதான் கவனித்தேன், ஏரியை ஒரு சுற்றுச் சுற்றி முடித்திருந்தோம், எனக்கு மூச்சு வாங்கவேயில்லை.

அதற்கப்புறம் அலாரம் அடிக்குமுன் எழ ஆரம்பித்தேன். நானும் ஷூ வாங்கினேன். படியேறி வரும்போது என் வாயிலும் ஏதோ மெட்டு. ஒருநாள் குளித்துவிட்டு வந்து பார்த்தால், கூடையில் போட்டிருந்த என் டி-ஷர்ட் ஜன்னல் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது. உள்பக்கம் வெளியே தெரிய, கழுத்துப்பட்டை வெளிச்சத்தைப் பார்த்தபடி. மகள் காலேஜுக்குக் கிளம்பிப் போய் நேரமாகியிருந்தது. அவர் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். எனக்குக் கோபம் வந்தது. அதைவிட அதிகமாக, சொல்ல வெட்கமாக இருக்கிறது, சந்தோஷம் வந்தது.

மழை தூறிய ஒரு காலை. டிரைவர் அண்ணன் டூட்டிக்குப் போய்விட்டார், மருந்துக்கடை அம்மா வரவில்லை. கோச் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "வேற வழியில்ல, சேர்ந்தே ஓடுங்க. பேசணும்!"

ஓடினோம். ஷூ சத்தம்தான் கேட்டது. அவர் ஒருமுறை கனைத்தார், அதோடு சரி. பின்னாலிருந்து சைக்கிள் மணி. "பேச்சு வரலையா? வேகத்தைக் குறைங்க!" குறைத்தோம். குடை பிடித்துக்கொண்டு நடந்துவந்த ஒரு பெண்மணி எங்களைத் தாண்டிப் போனாள். மறுபடி மணி. "இன்னும் வரலையா? குறைங்க, இன்னும் குறைங்க!" ஓட்டம் நடையாயிற்று. நடையும் தேய்ந்து, ஏரியின் வளைவில் நின்றேவிட்டோம்.

அவர் குனிந்து ஷூ கயிற்றைப் பிடித்தார்.

"அந்த டிரைவர்கிட்ட என்னதான் பேசுவ?" என்றார், தரையைப் பார்த்தபடி.

"அந்தம்மாகிட்ட நீங்க என்ன பேசுவீங்க?"

"பேச்சு வந்துருச்சுல்ல?" தூரத்தில் கோச் கத்தினார். "அப்ப ஓடுங்க, ஓடுங்க!"

நான் அசையவில்லை. தூறல் அவர் முதுகில் புள்ளி புள்ளியாக விழுந்து பனியன் நிறம் மாறிக்கொண்டிருந்தது. கயிற்றில் முடிச்சு எப்போதோ விழுந்துவிட்டது. அவர் விரலை மட்டும் அதிலிருந்து எடுக்கவில்லை.