மாடிக்குப் போன மெஷின்

இரண்டு பேரில் ஒருத்திக்குத்தான் வேலை என்று முகப்பேர் ஏஜென்சிக்காரர் சொன்ன நாளிலிருந்து சுரேகாவுக்குச் சோறு இறங்கவில்லை. அந்த இன்னொருத்தி வேறு யாராகவாவது இருந்திருக்கக் கூடாதா? ஜெபாவாகவா இருக்க வேண்டும்?

வேலை ஆப்பிரிக்காவில், லைபீரியாவில். போர் ஓய்ந்து வருஷங்கள் ஆகியும் இன்னும் மெல்லத்தான் தலையெடுத்துக்கொண்டிருக்கும் நாடு. யாரோ புண்ணியவான்கள் ஆஸ்பத்திரி கட்டிக் கொடுத்துவிட்டார்கள், கட்டிலும் போட்டுவிட்டார்கள். நர்சுகளைத்தான் கட்டிக் கொடுக்க முடியவில்லை. சண்டையில் ஊரைவிட்டு ஓடியவர்களில் பாதிப் பேர் திரும்பவே இல்லை. பிரசவ வார்டுக்குப் பொறுப்பாக ஒரு சிஸ்டர் வேண்டும். அதற்குத்தான் பூந்தமல்லியில் டாக்டர் ராஜசேகரனின் நர்சிங் ஹோமிலிருந்து இந்த இரண்டு பெயர்கள். அந்த நாட்டு டாக்டரம்மா மார்த்தா நேரிலேயே வருகிறாராம். கேள்வியெல்லாம் கேட்டுத் தேர்ந்தெடுக்க மாட்டாராம், வேலை செய்வதைப் பார்ப்பாராம்.

சுரேகாவும் ஜெபாவும் ஒரே வருஷம் வேலைக்குச் சேர்ந்தவர்கள். ஊசி குத்தினால் வலிக்காது என்று பெயர் வாங்கியவள் ஜெபா. வேலை சுத்தம் என்று பெயர் வாங்கியவள் சுரேகா. இந்த இரண்டாவது பெயரை வைத்துக்கொண்டு என்ன செய்வது? வலி நேரம் முழுக்கக் கூடவே நின்றவள் சுரேகாவாக இருப்பாள், பெற்றவள் கண் விழித்ததும் "ஜெபா சிஸ்டர் எங்க?" என்பாள். போன தை மாசம் ஒரு பெண் குழந்தைக்கு ஜெபா என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அந்தக் குழந்தைமேல்கூடச் சுரேகாவுக்குக் கோபம்.

நர்சிங் ஹோமைப் பார்வையிட யாராவது வந்தால் ஒரு வழக்கம் உண்டு. திருமழிசையில் இருக்கும் இன்னொரு நர்சிங் ஹோமிலிருந்து நாலு நர்சுகளை இரவல் வாங்கி நிறுத்துவார்கள். கட்டடத்தில் இருக்கிற நல்ல மெஷின்களையெல்லாம் மாடி வார்டுக்கு ஏற்றிவிடுவார்கள். அங்கே யாராவது வந்தால் இங்கிருந்து ஆள் போகும். மொய் மாதிரிதான், வைத்தது திரும்பி வரும். இந்த ஏற்பாடெல்லாம் எப்போதும் சுரேகாவின் பொறுப்பு. மார்த்தா வருகிற அன்றைக்கும் அவள் கை பழக்கத்தில் அதையே செய்தது.

ஜெபாவை மட்டும் கீழே பிரசவ அறையில் போட்டாள்.

"இன்னாடி, டாக்டரம்மா மேலதான வராங்க? நான் கீழ இருந்தா எப்டி?"

"திடீர்னு கேஸ் வந்தா? கீழ ஒரு நல்ல கை வேணாமா?"

ஜெபா உடனே தலையாட்டினாள். நம்பிவிட்டாள். அவள் அப்படி நம்புவதும் சுரேகாவுக்கு எரிந்தது. குழந்தைக்குச் சளி உறிஞ்சும் மெஷினும் மாடிக்குப் போய்விட்டதை அவளிடம் சொல்லவில்லை. கொஞ்ச நேரம்தானே, அதற்குள் என்ன வந்துவிடப் போகிறது?

மார்த்தா மாடி வார்டைச் சுற்றி வந்தார். கட்டிலுக்கு ஒரு நர்ஸ் நின்றிருந்தாள்.

"எப்போதும் இத்தனை பேர் இருப்பார்களா?" என்று கேட்டார்.

"எப்போதும்," என்றாள் சுரேகா, தனக்குத் தெரிந்த இங்கிலீஷில்.

"மெஷின் கெட்டுப்போனால் என்ன செய்வீர்கள்?"

"எங்களிடம் எதுவும் கெட்டுப்போகாது மேடம்."

மார்த்தாவின் முகம் வாடியது. சுரேகா அதை மலைப்பு என்று எடுத்துக்கொண்டாள். மனசுக்குள் பெட்டியே கட்டிவிட்டாள்.

அப்போதுதான் வாசலில் ஆட்டோ வந்து நின்றது. மெட்ரோ வேலை நடக்கிற இடத்தில் மாட்டிக்கொண்டு, தாமதமாக வந்த பிரசவக் கேஸ். கட்டிலில் ஏற்றியதுமே பிள்ளை பிறந்துவிட்டது. ஆனால் அழவில்லை.

"சுரேகா! சளி மெஷின் எங்க கீது?" ஜெபாவின் குரல் படியேறி வந்தது.

மெஷின் சுரேகாவின் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. தூக்கிக்கொண்டு ஓடினால் கீழே ஒன்றும் இல்லை என்பது டாக்டரம்மாவுக்குத் தெரிந்துவிடும். அவள் தயங்கி நின்றாள். மார்த்தா நிற்கவில்லை, படியில் இறங்கி ஓடினார். அதற்குப் பிறகுதான் சுரேகாவுக்குக் கால் வந்தது.

மெஷினோடு அவள் கீழே போனபோது, ஜெபா ஒரு மெல்லிய குழாயின் ஒரு முனையைக் குழந்தையின் வாயிலும் மறுமுனையைத் தன் வாயிலும் வைத்துச் சளியை உறிஞ்சிக்கொண்டிருந்தாள். துண்டால் முதுகைத் தேய்த்தாள். மறுபடி உறிஞ்சினாள். குழந்தை வீறிட்டது.

சுரேகாவுக்கு வந்தது சந்தோஷம் இல்லை. வயிறு எரிந்தது. பிழைத்த பிள்ளையைப் பார்த்தா வயிறு எரிகிறது என்று அவளுக்கே பயமாக இருந்தது.

மார்த்தா அந்த வெறும் அறையைச் சுற்றிப் பார்த்தார். "எங்கள் ஆஸ்பத்திரி இப்படித்தான் இருக்கும்," என்றார். "மேலே பார்த்தது எங்களுக்கு என்றைக்கு வருமோ தெரியாது. எனக்கு இவர்தான் வேண்டும்."

சாயங்காலம் இரவல் நர்சுகள் ஷேர் ஆட்டோ ஏறித் திருமழிசைக்குப் போனார்கள். ஜெபா வந்து சுரேகாவைக் கட்டிக்கொண்டாள்.

"நீ மட்டும் என்னக் கீழ போடலன்னா, அவங்க என்னக் கண்டுகினே இருக்க மாட்டாங்கடி. நான் போறதே உன்னாலதான்."

"மெஷின் மேல இருந்துச்சு. சொல்லாம வுட்டுட்டேன்."

"அட, வுடு. இருக்கிற வேலையில மறந்துட்ட. புள்ள நல்லா கீதுல்ல?"

அவள் திட்டியிருந்தால் சுரேகா தாங்கியிருப்பாள். மிச்ச மெஷின்களை இறக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் படியேறினாள். பாதிப் படியில், பிள்ளையின் பாட்டி ஜெபாவிடம் கேட்பது காதில் விழுந்தது.

"உன் பேரு இன்னா சிஸ்டர்? எங்க பாப்பாவுக்கு அதான் வெக்கணும்."