மூச்சு முட்டிய வண்டி

மூக்கன் என்று பெற்றவர்கள் வைத்த பெயர், காந்தி மார்க்கெட்டில் வெங்காய மண்டி வைத்ததும் மூக்கையா ஆயிற்று. பொன்மலை வெள்ளைக்கார இன்ஜினியர் கப்பலேறும்போது விற்றுவிட்டுப் போன பழைய காரை வாங்கியதும் 'முதலாளி' ஆயிற்று. அன்றிலிருந்து முதலாளிக்குத் தூக்கம் போயிற்று என்பது மட்டும் வெளியே தெரியாது.

காலையில் வண்டி கிளம்பாது. கைப்பிடி போட்டுச் சுற்றினால் தோள்பட்டை கழன்று வரும். பிரேக்கை மிதித்தால் கால் கிணற்றில் இறங்குவது போல இறங்கும். மூன்று மிதி மிதித்தால்தான் யோசித்து நிற்கும். இதையெல்லாம் பாலக்கரை ஷெட்டில் மெக்கானிக் அற்புதசாமி ஒருவழியாகச் சரிக்கட்டி விட்டார். சரியாகாதது கொதிப்பு. வெள்ளிக்கிழமை பூஜை போட்டு வண்டியை எடுத்தால் தெப்பக்குளம் தாண்டுவதற்குள் முன்பக்கம் ஆவி சீறும். அற்புதசாமியிடம் கொண்டுபோனாலோ சாதுவாக நிற்கும். அவரும் ரேடியேட்டரைக் கழுவினார், பெல்ட்டை மாற்றினார், ஊரைச் சுற்றி ஓட்டியும் பார்த்தார். கடைசியில் கையைத் துடைத்துக்கொண்டு, "வண்டியில ஒண்ணும் இல்லீங்க முதலாளி. வேற ஏதோ" என்றார்.

அந்த 'வேற ஏதோ' மூக்கையாவின் அடிவயிற்றில் போய் உட்கார்ந்துகொண்டது. இன்ஜினியரின் மனைவி பிரசவ வலியோடு போகையில் அந்தப் பின்சீட்டிலேயே உயிரை விட்டாள் என்று மார்க்கெட்டில் ஒரு பேச்சு. கிளப்பி விட்டவன் போட்டி மண்டிக்காரன் என்பது மூக்கையாவுக்குத் தெரியும். அவருடைய பயத்துக்குத் தெரியவில்லை.

வைத்தியம் ஆரம்பமாயிற்று. வண்டி முகப்பில் சாத்தும் ஒரு பூமாலை இரண்டாயிற்று, கொதித்தது. எலுமிச்சம்பழச் சரம் சேர்ந்தது, கொதித்தது. மனைவி பொன்னுத்தாய், உறையூர் வெக்காளியம்மனுக்குச் சாத்திய சிவப்புப் பட்டுத் துணியை வாங்கி வந்து, வண்டி முகப்பிலிருந்த கம்பி வலை முழுக்க மறையும்படி இழுத்துக் கட்டினாள். முன்னைவிட மும்முரமாகக் கொதித்தது. ஷெட்டுக்குப் போகும்போது மட்டும் எல்லாவற்றையும் பயபக்தியோடு கழற்றி வீட்டில் வைத்துவிட்டுப் போவார். சாமி சமாச்சாரத்தில் கிரீஸ் கை படலாமா?

ஒரே மகள் வள்ளிக்கண்ணுவை ஸ்ரீரங்கத்தில் கட்டிக் கொடுத்திருந்தார். ஒன்பதாம் மாதம் வளைகாப்பு முடிந்து, தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு கூட்டிவர வேண்டும். குதிரை வண்டி போதும். ஆனால் சொந்தக் காரில் வந்து அழைத்துப் போவதாகச் சம்பந்தியம்மாள் ரெங்கம்மாளிடம் எப்போதோ சொல்லித் தொலைத்திருந்தார். பொன்னுத்தாயோடு கிளம்பிய அன்றைக்கு வண்டிக்கு நாலு மாலை. போகும்போதே மாம்பழச் சாலையில் கொதித்ததையும், மரத்தடியில் ஒதுக்கித் தகர டின்னிலிருந்து தண்ணீர் ஊற்றியதையும் சம்பந்தி வீட்டில் சொல்லவில்லை.

வழியனுப்ப வந்த ரெங்கம்மாள் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். "வண்டிக்கு நிறைய வேண்டுதல் போலிருக்கே, சம்பந்தி. பின்னாடியே ஒரு குதிரை வண்டி வரச் சொல்லட்டுமா?"

மூக்கையா சிரித்தார். சிரிப்பில் ஈரமே இல்லை.

காவிரிப் பாலத்தின் நடுவில் பின்சீட்டிலிருந்து ஒரு முனகல் வந்தது. அது மகளின் குரல்தான் என்று நிச்சயமாவதற்குள் அவருக்கு உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது. வலி நாள் பார்த்து வரவில்லை. அதே சமயம் முன்னால் ஆவி சீறிற்று. பிரேக்கை மிதித்து நிறுத்தினார். கீழே ஆவணி மாதத்துக் காவிரி இரு கரையும் நிரம்பிச் சுழித்துக்கொண்டு போயிற்று. பின்னால் பஸ் ஒன்று ஹாரனில் கை வைத்தது வைத்தபடி இருந்தது.

பாதி டின் தண்ணீரை ஊற்றி வண்டியை எடுத்தார். பத்தடி போவதற்குள் மறுபடியும் சீறல். பஸ்ஸில் ஏற்றிவிடலாம் என்றாள் பொன்னுத்தாய். வள்ளிக்கண்ணுவால் எழுந்திருக்கவே முடியவில்லை. இதே சீட், இதே வலி. மூக்கையா இறங்கி வந்து பின்கதவைத் திறந்தார்.

"மூச்சு முட்டுதும்மா. இதைக் கழட்டு" என்றாள் மகள். வளைகாப்பில் போட்ட கனத்த சம்பங்கி மாலைகள் கழுத்தை மூடிக் கிடந்தன. வீடு போய்ச் சேருமுன் கழற்றக் கூடாதே என்று பொன்னுத்தாய் தயங்கினாள்.

"கழட்டும்மா."

கழற்றினாள். ஆற்றுக் காற்று பட்டதும் வள்ளிக்கண்ணு ஒரு நீண்ட மூச்சு இழுத்தாள். மூக்கையா அவள் கழுத்தைப் பார்த்தார். அப்புறம் மெல்ல நடந்து போய் வண்டியின் முகத்தைப் பார்த்தார். மாலைக்கு மேல் மாலை. நடுவே விரல் நுழைய இடமில்லை.

அவர் கை பட்டுத் துணியை நோக்கிப் போனது, பாதியில் நின்றது. அம்மன் கட்டியிருந்த பட்டு. கை விளங்காமல் போனால்? பெண் போய்விட்டால்?

"அம்மனோட துணிங்க அது" என்றாள் பொன்னுத்தாய், அழுகைக்கு நடுவே.

"அவ பொறுத்துக்குவா. இவ தாங்க மாட்டா" என்று சொல்லி, கண்ணை இறுக மூடிக்கொண்டு அவிழ்த்தார். அடுப்பைத் திறந்தது போல அனல் முகத்தில் அடித்தது. எலுமிச்சம்பழங்கள் ஊறுகாய்க்குப் பக்குவமாக வெந்திருந்தன. மாலைகளைக் காவிரியில் போட்டார். பட்டுத் துணியை இரண்டு கண்ணிலும் ஒற்றி மகள் மடியில் வைத்தார். ஆவி அடங்கக் காத்திருந்து மிச்சத் தண்ணீரை ஊற்றிக் கைப்பிடியைச் சுற்றினார்.

பாலம் முடியும்வரை அந்தச் சீறலுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு ஓட்டினார். வரவில்லை. சிந்தாமணியிலும் வரவில்லை. பிரசவ ஆஸ்பத்திரி வாசலில் நின்றபோது வலையைத் தொட்டுப் பார்த்தார். சுட்டது, அவ்வளவுதான். அழுதுவிட்டார். விளக்கு வைக்கும் நேரத்தில் பேத்தி பிறந்தாள். இருவரும் சுகம்.

மறுநாள் மார்க்கெட்டில், 'காற்றோட்டக் கோளாறு' என்ற ஒன்றைத் தாமே கண்டுபிடித்துச் சரிசெய்த கதையை முதலாளி விலாவாரியாகச் சொன்னார். அதில் மாலை வரவில்லை.

அடுத்த வெள்ளி பொன்னுத்தாய் மாலையோடு வந்தாள். வேண்டாம் என்று சொல்ல அவருக்குத் தைரியம் இல்லை. மாலையை வாங்கி வண்டியின் பின்பக்கம் கட்டினார். அன்றைக்குப் பாலத்தைக் கடப்பதற்குள் இரண்டு தடவை நிறுத்தி இறங்கி, பின்பக்கம் சுடுகிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டார்.